பழுதைப் படித்த பொறியாளர்

நுழையும்முன்

இயந்திரம் பேசுவதில்லை; தன்னுள் நிகழ்வதை அளவுகளால் உணர்த்துகிறது. அவ்வளவுகளைப் பொறுமையுடன் படித்து, பழுதின் வேரைக் கண்டறிந்த பின்னரே உறுப்பை மாற்றுவது பொறியியலின் அடிப்படை ஒழுங்காகும். டீசல் மகிழுந்தின் உணரியைச் சோதித்து மாற்றுபவர் இன்று பின்பற்றும் இவ்வொழுங்கு, அவ்வியந்திரம் உருவான ஆய்வுக்கூடத்திலேயே வேர்கொண்டது. எரிபொருளுக்கும் இயந்திரத்துக்கும் தம் பெயரை விட்டுச்சென்ற ருடால்ஃப் டீசலின் வாழ்க்கை அதற்குச் சான்றாக விளங்குகிறது.

இளமையும் இடப்பெயர்வும்

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடர், நூல் கட்டும் தொழிலைக் கற்றவர். பாரிசில் தோல்பொருள்கள் செய்து விற்றுவந்தார். எளிய குடும்பத்தில் வளர்ந்த சிறுவன், நகரின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைக் கண்டு மகிழ்ந்தான்.

1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் பிரான்சில் வாழ முடியாத நிலை ஏற்படவே, குடும்பம் இலண்டனுக்குப் புறப்பட்டது. அங்கும் வறுமை தொடர்ந்தது. பன்னிரண்டு வயது ருடால்ஃப், ஆக்சுபர்க்கு நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டின் தலைவர் கணித ஆசிரியர். போர் பறித்த வீட்டுக்கு ஈடாகக் கல்வி கிடைத்தது. பொறியாளராவதே தன் விருப்பம் என்று பதினான்காம் வயதில் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான்.

உள்ளத்தில் விழுந்த விதை

1875இல் உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார் டீசல். குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் லிண்டே அங்குப் பேராசிரியராக இருந்தார். நீராவி இயந்திரம், எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையோ அதனினும் குறைந்த பங்கையோதான் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியதெல்லாம் புகையிலும் ஆவியிலும் வீணாகிறது என்பதை வகுப்பில் அறிந்தார். இவ்வளவு பெரிய இழப்பைக் குறைக்க இயலாதா என்னும் வினா அவரை விட்டு அகலவில்லை.

1879இல் நச்சுக்காய்ச்சல் கண்டதால் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. இடைப்பட்ட காலத்தைச் சுவிட்சர்லாந்தின் சுல்சர் பட்டறையில் தொழிற்பயிற்சிக்குப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு தேர்வெழுதி, உயர்ந்த சிறப்புடன் தேறினார். பின்னர், லிண்டேயின் குளிர்பதன நிறுவனப் பணியேற்றுப் பாரிசுக்குச் சென்றார். 1883இல் மார்த்தா என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். பகலில் நிறுவனப் பணியும் ஓய்வில் புதிய இயந்திர ஆய்வுமாக ஆண்டுகள் கழிந்தன. அம்மோனியா ஆவியால் இயங்கும் இயந்திரம் ஒன்றை அமைக்க நெடுங்காலம் முயன்றார், அம்முயற்சி கைகூடவில்லை. 1890இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

தீப்பொறி வேண்டா இயந்திரம்

மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது அடிகுழாயின் கீழ்ப்பகுதி சூடாவதை நாம் அறிவோம். காற்றை விரைந்து அழுத்தினால் அதன் வெப்பநிலை உயரும். டீசலின் கருத்து இவ்வுண்மையின்மீது எழுந்தது. உருளைக்குள் காற்றை மட்டும் அடைத்து, பிஸ்டன் எனப்படும் உந்துதண்டால் மிக வலிமையாக அழுத்த வேண்டும். அக்காற்று எரிபொருளைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறும். அந்நொடியில் எரிபொருளை உள்ளே செலுத்தினால் தீப்பொறியின் உதவியின்றியே அது எரியும். அழுத்தம் மிகுதியாவதால், கிடைக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு வேலையாக மாறும்.

1892இல் இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். 1893இல் அது வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தம் கோட்பாட்டை நூலாகவும் வெளியிட்டார். அந்நூலில் அவர் வகுத்த அழுத்தம், அக்கால உலோக உறுப்புகள் தாங்கக்கூடியதாக இல்லை. கணக்கை மீண்டும் ஆராய்ந்து, அழுத்தத்தைப் பலமடங்கு குறைத்தார். எரியும் முறையையும் மாற்றியமைத்தார். தாம் எழுதிய நூலைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது.

வெடித்த அழுத்தங்காட்டி

ஆக்சுபர்க்கு இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூட்சு, ஆய்வுக்கு இடமும் கருவிகளும் தந்தார். குருப்பு நிறுவனமும் பொருளுதவி செய்தது. 1893ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் நாள் முதல் இயந்திரம் சோதிக்கப்பட்டது. அது தானாக ஓடவில்லை. தொழிற்சாலையின் சுழல்தண்டிலிருந்து வந்த வார் ஒன்று அதனைச் சுழற்றியது. எரிபொருள் உட்சென்றதும் உருளைக்குள் பெருவெடிப்பு நிகழ்ந்தது. உருளையின் அழுத்தத்தை அளப்பதற்காகப் பொருத்தியிருந்த அழுத்தங்காட்டி வெடித்துச் சிதறியது.

அக்கருவியின் பணியை அறிந்தால்தான் இந்நிகழ்வின் பொருள் விளங்கும். உருளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப அதன் எழுதுமுனை தாளில் ஒரு வளைகோட்டை வரையும். கோடு உரிய உயரத்தை எட்டாவிட்டால் காற்று கசிகிறது என்று ஐயுறலாம். உரிய நேரத்துக்கு முன்பே கோடு செங்குத்தாக ஏறினால் எரிபொருள் முந்திச் சென்றுள்ளது என்று கருதலாம். இரும்புச் சுவருக்குள் நிகழ்வதைக் கண்ணுக்குக் காட்டிய அக்கருவியே இன்றைய உணரிகளின் மூதாதை.

கருவி சிதறினாலும் காற்றின் அழுத்தத்தால் மட்டுமே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது மெய்ப்பட்டது. டீசல் வெற்றியைப் பறைசாற்றவில்லை. தோல்வி என்று சோர்ந்துவிடவும் இல்லை. பெற்ற அளவுகளை ஆராய்ந்து, எந்த உறுப்பு தன் கடமையைச் செய்யவில்லை என்று தேடினார். எரிபொருளைச் செலுத்தும் முறை குறையுடையது என்று கண்டார். அழுத்தப்பட்ட காற்றின் துணையால் எரிபொருளை நுண்திவலைகளாக உள்ளே ஊதும் முறையைக் கைக்கொண்டார். இயந்திரம் திருத்தி அமைக்கப்பட்டது.

1894ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் மறுபடியும் சோதனை நடைபெற்றது. அதுவரை இயந்திரத்தை இழுத்துச் சுழற்றிய வாரை, இப்போது இயந்திரமே இழுக்கத் தொடங்கியது. அதனை முதலில் கண்ட தொழிலாளி, ஏதும் பேசாமல் தம் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். ஏறத்தாழ ஒரு நிமிடம், 88 சுற்றுகள் இயந்திரம் தன் ஆற்றலால் ஓடியது.

அந்த ஒரு நிமிடத்தை நம்பத்தக்க இயந்திரமாக்க மேலும் மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்சு சுரோட்டர் அதனை முறைப்படி சோதித்தார். எரிபொருள் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. நீராவி இயந்திரத்தின் வழக்கமான திறனைப்போல் இஃது இரண்டு மடங்குக்கும் மேலாகும். தாமே உருவாக்கியதைப் பிறர் அளந்து கூறுமாறு விட்டது டீசலின் நேர்மையைக் காட்டுகிறது.

புகழும் சுமையும்

செய்தி பரவியதும் பல நாட்டுத் தொழிலதிபர்கள் உரிமம் கேட்டு வந்தனர். அமெரிக்காவில் அடால்ஃபசு புசு, உருசியாவில் இம்மானுவேல் நோபல் ஆகியோர் உரிமம் பெற்றனர். டீசல் பெருஞ்செல்வரானார். ஆயினும், ஆய்வுக்கூடத்தில் நன்கு ஓடிய இயந்திரம் வாங்கியவர்களின் ஆலைகளில் அடிக்கடி நின்றது. 1898இல் கெம்ப்டன் நகரத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் நிறுவப்பட்ட 60 குதிரைத்திறன் இயந்திரமும் தொல்லை தந்தது. அந்த இயந்திரம் காப்புரிமையில் கூறப்பட்டதன்று என்று வாதிட்டோரும் உண்டு. உழைப்பும் வழக்குகளும் அவர் உடல்நலத்தைச் சிதைத்தன. அவர் மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது.

காலப்போக்கில் பொறியாளர்கள் குறைகளைக் களைந்தனர். 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் இயந்திரங்களால் கடல் கடந்தது. ஆனால், உருவாக்கியவரின் பொருள்நிலை சரிந்துகொண்டிருந்தது. நில வணிகத்தில் இட்ட பணம் பெரும்பகுதி அழிந்தது. இயந்திரத்தின் சிறு கசிவையும் விடாது தேடியவர், தம் செல்வம் கசிந்த வழியை உரிய காலத்தில் அடைக்கவில்லை.

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஆண்ட்வெர்ப்புத் துறைமுகத்தில் டிரெசுடன் என்னும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். இரவு உணவுக்குப்பின் தம் அறைக்குச் சென்றவரை மறுநாள் காணவில்லை. சில நாள்களுக்குப்பின் கடலில் மிதந்த உடலொன்றில் கிடைத்த பொருள்களை அவர் மகன் அடையாளம் கண்டார். அவர் மறைவின் காரணம் ஐயமறத் தெளிவாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

மகிழுந்தில் வாழும் மரபு

டீசலின் தொடக்ககால இயந்திரங்கள் மிகப் பெரியவை. சாலை ஊர்திகளுக்குப் பொருந்தாதவை. எரிபொருளை ஊதுவதற்கான காற்றழுத்தியே பெரும்பாரமாக இருந்தது. 1927இல் இராபர்ட் பாசு நிறுவனம் சிறிய எரிபொருள் எக்கியைப் பெருமளவில் செய்யத் தொடங்கியபின் அத்தடை நீங்கியது. 1936இல் மெர்சிடிசு பென்சு நிறுவனம் டீசல் மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது.

இன்றைய டீசல் மகிழுந்தில் எக்கி அனுப்பும் எரிபொருள், பொதுக்குழாய் ஒன்றில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்துடன் காத்திருக்கிறது. அக்குழாயிலுள்ள அழுத்த உணரி, தான் அளந்ததை மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. அளவு பிறழ்ந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். இயந்திரத்தின் வலு குறையும். சில வேளைகளில் அது நின்றுவிடும்.

அவ்வேளையில் பழுதுபார்ப்பவர் சோதனைக் கருவியை இணைத்துக் குறியீட்டைப் படிக்கிறார். அழுத்தம் குறைவு என்று குறியீடு காட்டினால் உணரியே பழுது என்று உடனே முடிவு செய்தல் பிழை. எரிபொருள் வடிகட்டி அடைபட்டிருக்கலாம், எக்கி தளர்ந்திருக்கலாம், இணைப்பியில் துரு ஏறியிருக்கலாம். உணரி உண்மையைக் கூறியிருக்க, அதனையே குற்றவாளியாக்குவது முறையன்று. இயந்திரம் நின்று அழுத்தம் தணிந்தபின்னும் உணரி உயர்ந்த அழுத்தத்தைக் காட்டினால், உணரியையோ அதன் கம்பிகளையோ ஐயுறலாம். கம்பிகளில் உரிய மின்னழுத்தமும் புவி இணைப்பும் உள்ளனவா என்று அளந்து, அவை சரியாக இருப்பின் உணரியை மாற்றலாம். மாற்றுமுன் குழாயின் அழுத்தம் முற்றும் தணிந்திருத்தல் வேண்டும். உயரழுத்த எரிபொருள் தோலையும் துளைக்கவல்லது. தூசு புகாமல் துடைத்து, புதிய உணரியைக் குறித்த அளவு முறுக்கிப் பொருத்தி, பழைய குறியீட்டை நீக்கி, ஊர்தியை ஓட்டி மீண்டும் படித்தால்தான் பணி நிறைவுறும்.

ஆக்சுபர்க்கில் அழுத்தங்காட்டியின் வளைகோட்டை நோக்கி நின்ற டீசலும் இதனையே செய்தார். சரக்குந்திலும் மீன்பிடிப் படகிலும் நீரிறைக்கும் பொறியிலும் அவர் பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது. அளவைப் படித்தபின் உறுப்பைத் தொடும் ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அவருடைய முறை வாழ்கிறது.

கற்பவை கற்றபின்

1. முதல் சோதனையில் அழுத்தங்காட்டி வெடித்த நிகழ்வை டீசல் எதிர்கொண்ட விதம் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரிலுள்ள ஊர்திப் பழுதுபார்ப்பவரைச் சந்தித்து, பழுதான உணரியை அவர் கண்டறியும் முறையைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உருளை, உந்துதண்டு, உணரி, எக்கி, அழுத்தங்காட்டி ஆகிய கலைச்சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக.