உப்பை அளந்தவர் ஹோக்லாந்து

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்துவைக்கும் வாளியின் உட்புறம் சில வாரங்களிலேயே வெளுத்துவிடுகிறது. கடினப் பாறையின் பிளவுகளில் நெடுங்காலம் தேங்கிய நீர், பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. இந்த நீரைக் கொண்டு, மாடியில் பிவிசி குழாய்களை அடுக்கி, மண்ணே இல்லாமல் தக்காளி விளைவிக்கலாம் என்கிற ஆர்வம் அண்மைக்காலமாகப் பலரிடம் காணப்படுகிறது. தக்காளி விலை ஏறும்போதெல்லாம் அந்த ஆர்வமும் ஏறுகிறது. எந்த நீரானாலும் போதும், மருந்துபோல் இரண்டு புட்டிச் சத்துக்கரைசலைக் கலந்தால் விளைந்துவிடும் என்று சொல்லிக் கருவிகளை விற்போரும் உண்டு.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே ஆர்வமும் இதே விற்பனையும் இருந்தன. அப்போது குறுக்கே நின்று, நீரில் எந்த உப்பு, எவ்வளவு என்று கேட்டவர் டென்னிஸ் ராபர்ட் ஹோக்லாந்து. இன்று வேளாண் கல்லூரிகளில் தாவர ஊட்டம் பயிலும் எந்த மாணவரும் 'ஹோக்லாந்து கரைசல்' என்ற பெயரை அறிவார். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றி அறிந்தோர் குறைவு.

ஹோக்லாந்து 1884-ஆம் ஆண்டு கொலராடோ மாநிலத்தின் கோல்டன் என்ற ஊரில் பிறந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1907-இல் பட்டம் பெற்றார். அவருடைய தொடக்கப் பணிகள் விலங்குகளின் ஊட்டம் பற்றியவை. பின்னர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேளாண் வேதியியல் ஆசிரியரானார். செடிகளின்பால் அவரைத் திருப்பியது முதல் உலகப் போர் எனலாம்.

அந்நாளில் அமெரிக்க வயல்களுக்கான பொட்டாசிய உரம் ஜெர்மனியின் சுரங்கங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. போர் மூண்டதும் வரத்து நின்றது. மாற்று வழி தேடியவர்களின் கண்ணில் பட்டது, கலிபோர்னியக் கரையோரக் கடலில் காடுபோல் வளரும் கெல்ப் என்னும் மாபெரும் பாசி. அதை அறுத்து எரித்தால் சாம்பலில் பொட்டாசியம் கிடைத்தது. அந்தப் பாசியை ஆராயும் பொறுப்பு ஹோக்லாந்துக்கு வந்தது. உரத்தைத் தேடிச் சென்றவர் ஒரு புதிரோடு திரும்பினார். ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம் உள்ளது, பொட்டாசியமோ 0.4 கிராம் மட்டுமே. பாசியின் உடலிலோ பொட்டாசியம் மிகுந்து கிடக்கிறது. எங்கும் சூழ்ந்திருக்கும் சோடியத்தை விடுத்து, அரிதாக இருக்கும் பொட்டாசியத்தை அது எவ்வாறு பொறுக்கி எடுக்கிறது? நீர் சென்ற வழியே உப்பும் தானாகச் செல்லும் என்ற எளிய விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

இந்தப் புதிருக்கு விடை காண அவர் அடுத்து எடுத்துக்கொண்டது நைட்டெல்லா என்னும் குளத்துப் பாசி. அதன் செல்கள் மிகப் பெரியவை. உள்ளிருக்கும் சாற்றைத் தனியே பிழிந்தெடுத்துச் சோதிக்க முடியும். குளத்து நீரில் இருந்ததைவிடப் பன்மடங்கு உப்பு அந்தச் சாற்றில் இருப்பதையும், வெளிச்சம் கிடைத்தால்தான் இந்தச் சேமிப்பு நடைபெறுவதையும் 1920-களில் அவரும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். பின்னர், செடியிலிருந்து வெட்டியெடுத்த பார்லி வேர்களைக் கொண்டு, 1936-இல் டி.சி. பிராயருடன் சேர்ந்து இன்னொன்றையும் நிறுவினார். வேரைச் சூழ்ந்த நீரில் உயிர்க்காற்று இல்லையெனில் வேர் உப்பைச் சேர்ப்பதில்லை. உப்பை உள்ளே இழுப்பது செடிக்கு ஓர் உழைப்பு. உழைப்புக்கு மூச்சு வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இது எத்துணைப் பொருத்தமான செய்தி என்பதை ஓர் எண் சொல்லும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்க்காற்று கரைந்திருக்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அந்த வெப்பத்தில் வேரின் தேவையோ கூடுகிறது. மொட்டை மாடியில் கொதிக்கும் குழாய்க்குள் கிடக்கும் தக்காளி வேர், மின்வெட்டில் மோட்டார் நின்ற சிறிது நேரத்திலேயே வாடத் தொடங்குவதன் காரணம் இதுவே.

இவ்வாறு ஆய்வுக்கூடத்தில் அடங்கியிருந்தவரைத் தெருச்சண்டைக்கு இழுத்தது தக்காளி. அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லியம் கெரிக், மண்ணின்றி உரக்கரைசலில் பயிர் வளர்ப்பதை வணிகமாகவே செய்யலாம் என்று 1929-இல் அறிவித்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவரும் அவரே, ஆண்டு 1937. அவருடைய வீட்டுத் தோட்டத்தில் 25 அடி உயரம் ஏறிய தக்காளிக் கொடிகளின் படங்கள் நாடெங்கும் பரவின. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து தவித்த காலம் அது. நிலம் வேண்டாம், உழவு வேண்டாம், தொட்டியும் தூளும் போதும் என்றால் யார்தான் மயங்கமாட்டார்? செய்முறையைத் தாருங்கள் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. இது என் சொந்த நேரத்தில் செய்த வேலை என்று கூறி விவரங்களைத் தர கெரிக் மறுத்தார். மனம் கசந்து பல்கலைக்கழகத்தையும் விட்டு விலகினார்.

கெரிக் பொய் சொன்னவர் அல்லர். அவருடைய முறையைப் பின்பற்றி, மண்வளமற்ற பசிபிக் தீவான வேக்கில், விமானப் பயணிகளுக்காகக் காய்கறி விளைவித்தனர். பயிர் விளையும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எவ்வளவு விளையும், யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதே வினா. அதை ஆராயும்படி பல்கலைக்கழகம் ஹோக்லாந்தையும் அவருடைய இளைய தோழர் டேனியல் ஆர்னனையும் கேட்டுக்கொண்டது.

அப்போது ஹோக்லாந்தின் வாழ்க்கை எளிதாக இல்லை. 1933-இல் அவருடைய மனைவி ஜெஸ்ஸி நிமோனியாவால் திடீரென இறந்திருந்தார். மூன்று சிறுவர்களைத் தாயின்றி வளர்க்கும் பொறுப்போடுதான் அவர் தம் துறையையும் நடத்தி வந்தார். தேசிய அறிவியல் கழக உறுப்பினர் உள்ளிட்ட பெருமைகள் வந்தவண்ணம் இருந்தன.

மண்ணிலும் மணலிலும் நீரிலும் தக்காளியை அருகருகே வளர்த்துப் பார்த்தார்கள். 1938-இல் வெளிவந்த அவர்களுடைய சிற்றறிக்கை பலருக்கு ஏமாற்றமளித்திருக்கும். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலைவிட நீரில் கிடைப்பது மேலானதன்று. ஒளியும் பருவமும் இரண்டுக்கும் ஒரே எல்லையைத்தான் வகுக்கின்றன என்பதே அதன் முடிவு. ஆனால், கெரிக் தர மறுத்ததை அவர்கள் விலையின்றிக் கொடுத்துவிட்டார்கள். எந்த உப்பு எத்தனை கிராம் என்ற முழு அட்டவணையும் அதில் இருந்தது. வருவாய்க்குரிய ஒரு மறைபொருளை இப்படிப் பொதுவில் போட்டுடைத்ததே ஹோக்லாந்தின் ஆகப்பெரிய கொடை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அட்டவணையைச் சற்று உற்று நோக்கவேண்டும். அதன் பெயர் பெற்ற வடிவில் லிட்டருக்குப் பொட்டாசியம் 235 மில்லிகிராம், தழைச்சத்து 210, கால்சியம் 200 என்று வருகிறது. சோடியத்துக்கு அதில் இடமில்லை. எனினும் இதுவும் உப்புநீர்தான். மின் கடத்தும் திறனை அளக்கும் கருவியை நுழைத்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிசீமன்ஸ் காட்டும். மண்ணில் வளரும் தக்காளியோ, வேர்ச்சூழலின் உப்பு 2.5-ஐத் தாண்டிய பின் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் சுமார் பத்து விழுக்காட்டை இழக்கிறது என்பது பின்னாளில் தொகுக்கப்பட்ட கணக்கு. நீர்வளர்ப்பில் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், கிணற்று நீரே 2 டெசிசீமன்ஸ் காட்டுமானால், சத்துக்கு இடம் எங்கே?

இங்குதான் எந்த உப்பு என்ற வினா முன்னிற்கிறது. வாளியை வெளுக்கச் செய்வது பெரும்பாலும் சுண்ணாம்பு. அதிலுள்ள கால்சியம் தக்காளிக்கு உணவு. கரைசலில் அந்த அளவைக் கழித்துக்கொண்டால் போதும். நாவில் கரிக்கும் சோடியமும் குளோரைடும் அவ்வாறல்ல. செடி அவற்றை அதிகம் உண்பதில்லை. நீரை மட்டும் பருகிவிட்டு அவற்றைத் தொட்டியில் விட்டுவிடுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சோடியமுள்ள நீரைச் சுழலவிட்டு, வற்ற வற்ற அதே நீரால் பத்து முறை முழுத்தொட்டி அளவுக்கு ஈடுசெய்தால், தொட்டியில் சோடியம் ஆயிரத்தை நெருங்கிவிடும். பழம் சிறுக்கும்; கால்சியம் காய்க்கு எட்டாமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும். அளவோடு உப்பு இருந்தால் பழத்தின் இனிப்பு கூடும் என்பதும் உண்மையே. இனிப்புக்கு நல்ல விலை கிடைக்கும் நாடுகளில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். எடைக்கு விலை வைக்கும் நம் சந்தையில் அது நட்டக்கணக்கு.

ஹோக்லாந்து 1949-இல் மறைந்தார். அறிக்கையின் திருத்தப் பதிப்பை அடுத்த ஆண்டு ஆர்னன் வெளியிட்டார். கெல்ப் பாசி எழுப்பிய புதிர் அவருடன் முடிந்துவிடவில்லை. அவருடைய துறையிலேயே பயின்று 1950-இல் முனைவர் பட்டம் பெற்ற இமானுவேல் எப்ஸ்டைன், பின்னர் டேவிஸ் நகரில் அதே கேள்வியைத் தக்காளியிடம் கேட்டார். காலபாகோஸ் தீவுகளில், கடலலைக்கு மிக அருகே முளைத்துக் கிடந்த காட்டுத் தக்காளி ஒன்றின் விதையைச் சார்லஸ் ரிக் என்ற ஆய்வாளர் கொண்டுவந்திருந்தார். சத்துக்கரைசலோடு கடல்நீரைப் படிப்படியாகக் கூட்டி எப்ஸ்டைனும் அவருடைய மாணவரும் அதை வளர்த்தனர். பாதிக் கடல்நீரைத் தாண்டியதும் நாட்டுப்புற வகை மடிந்தது. காட்டு வகையோ முழுக் கடல்நீரின் உப்பிலும் உயிர் தாங்கியது. 1976-இல் வெளியான அந்த ஆய்வு தந்த விளக்கம் எதிர்பாராதது. சாகும் வகை சோடியத்தை இலைக்குள் விடாமல் தடுத்துப் பார்த்துத் தோற்றது; பிழைத்த வகை அதை இலைக்குள் ஏற்றுச் சமாளித்தது.

ஆயினும் அந்தக் காட்டுத் தக்காளியின் பழம் சுண்டைக்காய் போன்றது. அதன் தாங்குதிறனையும் சந்தைத் தக்காளியின் பருமனையும் ஒரே செடியில் இணைக்கும் முயற்சி, உப்பைத் தாங்குவது பல மரபணுக்களின் கூட்டு வேலை என்பதால், நீண்டுகொண்டே செல்கிறது. நம் மாடிகளுக்கு வந்து சேரும் விதைப் பொட்டலங்களில் அது இன்னும் இல்லை.

வேங்கிக்காலில் குழாய் வாங்கப் புறப்படும் முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்து, நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, மின் கடத்தும் திறனோடு சோடியத்தையும் குளோரைடையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லலாம். எண் கூடுதலாக இருந்தால் கலப்பதற்கு மழைநீர் இருக்கிறது. திருவண்ணாமலைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்தாலும், ஒரு செடிக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் ஐம்பது செடிகளுக்கு ஐந்நூறு நாள் வரும்.