கோணமலையிற் கண்ட வியாழன்

மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு, தம்புள்ளையும் ஹபரணையும் கடந்து திருக்கோணமலையை அடையும். கோணேசரைத் தரிசிக்க அவ்வழி செல்வார் பலர். அவ்வூரிலிருந்து விண்ணை ஆராய்ந்த மேஜர் பேர்சி மோல்ஸ்வேர்த்தை அறிவார் மிகச் சிலர். ஆசிரியராகிய நாமும் அவரை மாணாக்கர்க்குச் சொல்லி வைத்தோமல்லேம்.

1867ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கில்போர்ட் மோல்ஸ்வேர்த் இலங்கை இருப்புப்பாதையை அமைத்த தலைமைப் பொறியியலாளர். மைந்தர் பிரித்தானியப் பொறியியற் படையிற் சேர்ந்தார். வான்நோக்கல் அவர்க்கு ஊதியந் தந்த தொழிலன்று. பன்னிரண்டரை அங்குல ஆடி பொருந்திய சொந்தத் தொலைகாட்டியோடு இரவுகளைக் கழித்தார்.

வியாழன் பத்து மணித்தியாலத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும். அதன் முகத்துப் புள்ளி ஒவ்வொன்றும் நடுக்கோட்டைக் கடக்குங் கணத்தை மணிக்கூடு பார்த்துக் குறித்தல் வேண்டும். சலிப்பூட்டும் வேலை! அவர் குறித்தவையோ ஆயிரக்கணக்கின. அக்காலம் வியாழன் வானத்தின் தென்பாகத்தே தனுராசியில் நின்றமையால், இலண்டன் மாநகரத்தார்க்கு அடிவானத்தையொட்டி மங்கித் தோன்றிற்று. கோணமலையிலோ உயர்ந்து விளங்கிற்று.

1901 பெப்ரவரி 28ஆம் நாள் வைகறையில், வியாழனின் தென்பாகத்து வெண்பட்டையிலே முன்பில்லாத கருங்கறையொன்றைக் கண்டார். அது நாளடைவில் நீண்டு பரந்தது. பெருஞ்செம்பொட்டைப் பலமுறை தாண்டிச் சென்றது. ஏறக்குறைய நாற்பதாண்டு நிலைத்தது.

கண்டவர்க்கோ அத்துணை ஆயுள் வாய்க்கவில்லை. 1908 டிசெம்பர் 25ஆம் நாள், தமது நாற்பத்தோராம் அகவையில், திருக்கோணமலையிலேயே காலமானார். செவ்வாயிலுள்ள பெருங்குழி ஒன்று இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.