ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்

ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் (சனவரி 23, 1910 – மே 16, 1953) பெல்ஜியத்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஜாஸ் கிதார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ழான் ரெய்ன்ஹார்ட். ஐரோப்பாவில் தோன்றிய ஜாஸ் கலைஞர்களுள் உலகப் புகழ் பெற்ற முதல்வர்களில் ஒருவராகக் கருதப்படுகிறார். பதினெட்டாம் வயதில் ஏற்பட்ட தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிய பின்னர், எஞ்சிய இரு விரல்களைக் கொண்டு மிக வேகமாகக் கிதார் வாசிக்கும் முறையைத் தாமே உருவாக்கிக்கொண்டவர். கிதாரில் வேகத்தை வளர்த்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் இன்றும் இவரது வாசிப்பைப் பாடமாகப் பயில்கின்றனர்.

பிறப்பும் இளமையும்

ஜாங்கோ பெல்ஜியத்தின் லிபர்ஷி என்னும் ஊரில், ரோமா மக்களின் ஒரு பிரிவான மனூஷ் குடும்பமொன்றில் பிறந்தார். ரோமா மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள். அவர்களின் மொழி இந்திய-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜாங்கோ என்னும் செல்லப் பெயருக்கு அம்மொழியில் 'நான் விழிக்கிறேன்' என்பது பொருள் எனக் கூறுவர். குடும்பம் குதிரை வண்டி வீடுகளில் ஊர் ஊராகச் சென்று, பின்னர் பாரிசு நகரின் பழைய கோட்டை மதில்களுக்கு வெளியே இருந்த வெற்றுநிலப் பகுதியில் தங்கியது. தந்தை இசைக் கலைஞர், தாய் நடனக் கலைஞர். தம்பி ஜோசப்பும் பிற்காலத்தில் கிதார் கலைஞரானார்.

ஜாங்கோ பள்ளிக் கல்வி பெறவில்லை. எழுதப் படிக்க வயது வந்த பின்னரே ஓரளவு கற்றார். இசைக் குறியீடுகளை வாசிக்க அவர் கடைசி வரை கற்கவில்லை. பன்னிரண்டு வயதில் அவருக்குப் பாஞ்சோ-கிதார் ஒன்று கிடைத்தது. பாஞ்சோவின் தோல் முகப்பும் கிதாரின் ஆறு தந்திகளும் கொண்ட கருவி இது. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர்களின் விரல்களைக் கூர்ந்து கவனித்தே அவர் வாசிக்கக் கற்றார். விரைவில் பாரிசின் நடனக்கூடங்களில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பொருள் ஈட்டத் தொடங்கினார்.

இந்த நடனக்கூடங்களே அவரது பயிற்சிக்கூடம் எனலாம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கூட்டத்தின் இரைச்சலுக்கும் அக்கார்டியனின் உரத்த ஒலிக்கும் மேலாகத் தந்தி ஒலி கேட்க வேண்டுமானால் தந்தியை வலுவாக மீட்ட வேண்டும். அக்காலப் பாரிசு வால்ட்ஸ் மெட்டுகளில் அக்கார்டியன் கலைஞர்கள் விரைவான சுர அடுக்குகளையும் கமகம் போன்ற சிறு அணிகளையும் மிகுதியாகப் பயன்படுத்தினர். இரவுதோறும் இவற்றைத் தந்திகளில் பின்தொடர்ந்ததன் விளைவாக, விபத்துக்கு முன்னரே ஜாங்கோ விரைவாக வாசிப்பவர் எனப் பெயர் பெற்றிருந்தார். அவரது முதல் இசைத்தட்டுகள் 1928 ஆம் ஆண்டில் அக்கார்டியன் கலைஞர் ழான் வெசாடுடன் பதிவாயின. தட்டின் மேல் அவரது பெயர் பிழையாகவே அச்சிடப்பட்டது. தம் பெயரை எழுதிக் காட்ட அவரால் அப்போது இயலவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன், அவரது வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவில் சேருமாறு அழைத்தார்.

தீ விபத்து

அந்த அழைப்பை ஏற்றுச் செல்வதற்கு முன்பே, 1928 இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, ஜாங்கோவின் வண்டி வீடு தீப்பிடித்தது. அவரது மனைவி பெல்லா செல்லுலாய்டால் செயற்கைப் பூக்கள் செய்து விற்றுவந்தார். எளிதில் தீப்பற்றும் அப்பூக்கள் வண்டிக்குள் குவிந்திருந்தன. மெழுகுவர்த்தியின் தீ அவற்றில் பற்றியது. இருவரும் உயிர் தப்பினர். ஆனால் ஜாங்கோவின் வலக்காலும் இடக்கையும் கடுமையாக வெந்துபோயின. காலைத் துண்டிக்க வேண்டும் என மருத்துவர்கள் கருதினர். அவர் அதற்கு இணங்கவில்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். ஏறத்தாழ 18 மாதங்கள் சிகிச்சையிலும் ஓய்விலும் கழிந்தன. பின்னர் அவர் ஊன்றுகோலின் துணையுடன் நடக்கத் தொடங்கினார்.

இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் தசைநாண்கள் சுருங்கி, உள்ளங்கையை நோக்கி வளைந்து நின்றுவிட்டன. அவ்விரல்கள் துண்டிக்கப்பட்டதாகச் சில நூல்களிலும் பேச்சு வழக்கிலும் கூறப்படுவது சரியன்று. அவை இருந்தன, தனித்து நீட்டி மடக்கத்தான் இயலவில்லை. தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிதாரை வைத்துக்கொண்டு, படுக்கையிலிருந்தபடியே ஜாங்கோ மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

வேகம் மீண்ட விதம்

இரு விரல்களால் வாசித்ததே ஜாங்கோவின் வேகத்துக்குக் காரணம் எனச் சிலர் எழுதுவதுண்டு. இது மிகைப்படுத்தல். அவரது வேகத்தில் பாதி, பிக் எனப்படும் சிறு தகட்டைப் பிடித்துத் தந்தியை மீட்டும் வலக்கையைச் சார்ந்தது. நடனக்கூடங்களில் ஆறு ஆண்டுகள் பழகிய அந்தக் கையின் திறன் விபத்தில் அழியவில்லை. புதிதாக அமைக்க வேண்டியிருந்தது இடக்கையின் பாதைகளையே.

வலக்கை முறை பின்வருமாறு அமைந்தது. மணிக்கட்டு சற்று வளைந்து, கிதாரின் முகப்பைத் தொடாமல் தளர்வாக நிற்கும். பிக் தடிமனானது. மேலிருந்து கீழாக ஒரு தந்தியை மீட்டியதும், பிக் காற்றில் நின்றுவிடாமல் அடுத்த தந்தியின் மேல் வந்து சாய்ந்து நிற்கும். கையின் எடையே மீட்டும் விசையாகிவிடுவதால் ஒலி உரத்து எழுகிறது, தசை இறுகுவதில்லை. ஒரே தந்தியில் பல சுரங்களை வாசிக்கும்போது பிக் கீழும் மேலுமாக மாறி மாறிச் செல்லும். வேறொரு தந்திக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கிய மீட்டலிலேயே தொடங்க வேண்டும். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திக்குச் செல்கையில் பிக் ஏற்கெனவே அதன் மேல் நிற்பதால், ஒரே அசைவில் இரண்டு சுரங்கள் பிறக்கின்றன. எதிர்த்திசையில் இந்த வசதி இல்லை. அங்கு கை தாவித்தான் ஆக வேண்டும். ஆகவே அவரது விரைவான சுர அடுக்குகள் பலவும் கீழ்ச்சுரத்திலிருந்து மேல்நோக்கிப் பாய்வது தற்செயல் அன்று.

கிதார் மாணவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் கையை நிறுத்தி, நான்கு விரல்களுக்கும் நான்கு மெட்டுகளை (ஃபிரெட்) ஒதுக்கி, தந்திகளுக்குக் குறுக்காக ஏறி இறங்கப் பழகுகின்றனர். சுட்டு விரலும் நடு விரலும் மட்டும் உள்ளவருக்கு இம்முறை பயன்படாது. ஜாங்கோ ஒரு தந்தியில் இரண்டு சுரங்களை வாசித்துவிட்டு, கையையே கிதாரின் கழுத்து நெடுக நகர்த்தினார். வரிசையான சுரங்களைக் காட்டிலும், சுரக்கூட்டு ஒன்றின் (கார்ட்) சுரங்களைத் தனித்தனியே பிரித்து வாசிக்கும் ஆர்ப்பெஜியோ முறை இதற்கு நன்கு பொருந்தியது. குறிப்பாக, ஒவ்வொரு சுரத்துக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி கொண்ட 'டிமினிஷ்டு' சுரக்கூட்டை அவர் மிக விரும்பிக் கையாண்டார். அதே விரல் அமைப்பை மூன்று மெட்டுகள் மேலே நகர்த்தினால் அதே சுரங்களே வேறு வரிசையில் கிடைக்கும். விரல்கள் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. கை மட்டும் நகர்ந்தால் போதும்.

மற்றொரு உத்தி, ஒரே விரலை ஒரே தந்தியில் அரைச்சுரம் அரைச்சுரமாகச் சறுக்கியபடி பிக்கால் அதிவேகமாக மீட்டுவது. கேட்பவருக்கு இது எட்டு விரல்களின் வேலை போலத் தோன்றும். ஒரே சுரத்தை இரு நிலைகளில் சேர்த்து ஒலிக்கும் எட்டிணைச் சுரங்களையும் (ஆக்டேவ்) தனி வாசிப்பில் மிகுதியாகப் பயன்படுத்தினார். முடங்கிய விரல்களும் வீணாகவில்லை. சுரக்கூட்டுகளை வாசிக்கும்போது அவற்றை மெல்லிய இரு தந்திகளின் மேல் வைத்து அழுத்தினார். தடித்த தந்திகளைக் கழுத்தின் மேற்புறமாகக் கட்டைவிரலால் பிடித்தார்.

கருவியும் துணை நின்றது. மரியோ மக்காஃபெரி வடிவமைத்து, பாரிசின் செல்மர் நிறுவனம் 1932 முதல் தயாரித்த கிதாரை ஜாங்கோ விரும்பி வாசித்தார். மெல்லிய எஃகுத் தந்திகளும் கூர்மையான உரத்த ஒலியும் கொண்ட இக்கருவி, சுரத்தை உடனே எழுப்பி உடனே விட்டுவிடும் இயல்புடையது. விரைவான வாசிப்பில் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதை இது தவிர்த்தது.

அவர் வாசிப்பதை ஒலியுடன் காட்டும் படச்சுருள் மிகக் குறைவு. 1930களின் இறுதியில் எடுக்கப்பட்ட ஜாஸ் ஹாட் என்னும் குறும்படத்தில் சில நிமிடங்கள் அவரது விரல்களை அண்மையில் காணலாம். முறையான பாடநூல் எதையும் அவர் விட்டுச்செல்லாததால், அவரது உத்திகள் இப்படத்திலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் மனூஷ் குடும்பங்களின் வழிவழிப் பயிற்சியிலிருந்துமே அறியப்படுகின்றன.

ஹாட் கிளப் ஐவர் குழு

1931 இல் தூலோன் நகரில் எமில் சவித்ரி என்னும் ஓவியர், லூயி ஆர்ம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் முதலியோரின் அமெரிக்க இசைத்தட்டுகளை ஜாங்கோவுக்குப் போட்டுக் காட்டினார். அது அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. 1934 இல் பாரிசின் கிளாரிட்ஜ் விடுதியில் வாசித்துவந்த குழுவில் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியுடன் இணைந்தார். இடைவேளைகளில் இருவரும் மேடைக்குப் பின்னால் வாசித்து மகிழ்ந்ததிலிருந்து, ஹாட் கிளப் தெ பிரான்ஸ் ஐவர் குழு பிறந்தது. ஜோசப் ரெய்ன்ஹார்டும் ரொஜே ஷாபுவும் தாளக் கிதார்களையும், லூயி வோலா இரட்டை பாஸையும் வாசித்தனர். முரசோ ஊதுகருவியோ இல்லாத, தந்திகள் மட்டுமே கொண்ட ஜாஸ் குழு அக்காலத்தில் புதுமையாகும். முதல் இசைத்தட்டுகள் 1934 டிசம்பரில் பதிவாயின.

1937 இல் பதிவான மைனர் ஸ்விங் இக்குழுவின் மிகப் புகழ்பெற்ற படைப்பாகும். தொடர்வண்டியின் ஓட்டத்தை இசையில் காட்டும் மிஸ்டரி பசிஃபிக்கும் அவ்வாண்டிலேயே பதிவானது. ஜாங்கோவின் வேகத்தை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது இதுவே. எனினும் அவர் எப்போதும் விரைந்து வாசித்தவர் அல்லர். நீண்ட சுரம் ஒன்றை நடுங்கவிட்டு, சற்று அமைதி காத்து, அதன் பின்னரே பாய்ச்சலைத் தொடங்குவது அவரது வழக்கம்.

போர்க்காலம்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழு இலண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிசு திரும்பினார். கிளாரினெட் கலைஞர் யூபெர் ரோஸ்தேனைச் சேர்த்துப் புதிய குழு அமைத்தார். 1940 இல் பதிவான நுவாஜ் (முகில்கள்) என்னும் மென்மையான இசை, செருமானியர் பிடியிலிருந்த பாரிசு மக்களின் ஏக்கத்தைச் சொல்வதாகக் கருதப்பட்டுப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

ஆனால் அது அவருக்கு ஆபத்தான காலம். 1940 ஏப்ரலிலேயே பிரெஞ்சு அரசு நாடோடி மக்களின் நடமாட்டத்தைத் தடை செய்திருந்தது. பலர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். நாட்சிகளாலும் அவர்களது கூட்டாளிகளாலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோமா மக்கள் ஐரோப்பாவில் கொல்லப்பட்டனர். ஜாஸ் இசையை விரும்பிய செருமானிய அதிகாரிகள் சிலர் இருந்தது ஜாங்கோவுக்கு ஓரளவு காப்பாக அமைந்தது. இருப்பினும் 1943 இல் அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்செல்ல முயன்றார், முயற்சி தோல்வியுற்றது. அவ்வாண்டில் சோஃபி சீக்லரை (நாகீன்) மணந்தார். இவர்களின் மகன் பாபிக் 1944 இல் பிறந்தார். பின்னாளில் அவரும் கிதார் கலைஞரானார்.

பிற்காலமும் மறைவும்

போருக்குப் பின் 1946 தொடக்கத்தில் இலண்டனில் கிராப்பெல்லியுடன் மீண்டும் வாசித்தார். அவ்வாண்டின் இறுதியில் டியூக் எலிங்டன் குழுவுடன் அமெரிக்கப் பயணம் மேற்கொண்டார். தம் கிதாரை எடுத்துச் செல்லாததால், பழக்கமில்லாத மின்கிதாரையே அங்கு வாசிக்க நேர்ந்தது. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் நடந்த இரண்டாம் நாள் நிகழ்ச்சிக்குத் தாமதமாக வந்தார். எதிர்பார்த்த வெற்றி கிட்டாமல் ஊர் திரும்பினார்.

1951 முதல் ஃபோன்தேன்புளோ அருகே சேன் ஆற்றங்கரையில் உள்ள சமுவா என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். மீன்பிடித்தலும் ஓவியமும் அவரது பொழுதுபோக்குகள். இக்காலப் பதிவுகளில் மின்கிதாரைத் தம் கைக்குப் பழக்கிக்கொண்டு, இளைய தலைமுறையின் பீபாப் பாணியில் வாசித்தார். கடைசிப் பதிவு 1953 ஏப்ரலில் நிகழ்ந்தது. 1953 மே 16 அன்று பாரிசில் வாசித்துவிட்டுத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவர், வீட்டு வாசலில் மூளை இரத்தக்கசிவால் மயங்கி விழுந்தார். சனிக்கிழமையாதலால் மருத்துவர் வந்துசேர நெடுநேரமாயிற்று. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 43.

தாக்கம்

அமெரிக்கப் பியானோ கலைஞர் ஜான் லூயிஸ் ஜாங்கோவின் நினைவாக அவர் பெயரிலேயே ஓர் இசையை அமைத்தார். பிரிட்டிஷ் ராக் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, தம் இளமையில் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. கிதாரைக் கைவிட எண்ணியிருந்த அவருக்கு, தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோவின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். ஐயோமி விரல் நுனிகளுக்கு உறைகள் செய்து அணிந்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். பிளாக் சப்பாத் குழுவை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

ஐந்து விரல்களும் நலமாக உள்ள மனூஷ் கலைஞர்கள் பலர் ஜாங்கோவின் பாதைகளை இரு விரல்களாலேயே கற்பிக்கின்றனர். அவரது சுர அடுக்குகள் அந்த நகர்வுக்கென்றே அமைந்தவையாதலால், நான்கு விரல்களால் வாசிக்கும்போது அதே ஒலி கிடைப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. சமுவாவில் அவர் நினைவாக 1968 இல் இசைவிழா ஒன்று தொடங்கப்பட்டது. அவரது மறைவுக்குப் பின் நாகீன் வழங்கிய 503 எண்ணுள்ள செல்மர் கிதார் பாரிசு இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.