தூண்டு மின்னோட்டத்தின் திசையை வகுத்த லென்ஸ்: கடற்பயணத்தில் தொடங்கிய அறிவியல் வாழ்க்கை

மின்காந்தத் தூண்டலைப் பயிலும் ஒவ்வொரு மாணவரும் சந்திக்கும் பெயர் லென்ஸ். கம்பிச்சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தின் எந்த முனை நேர்மின், எந்த முனை எதிர்மின் என்பதைத் தீர்மானிக்கும் விதி அவர் பெயரால் வழங்குகிறது. கண்ணாடி வில்லைக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

ஹென்ரிச் லென்ஸ், அன்றைய ரஷ்யப் பேரரசின் டோர்பட் நகரில் 1804 பிப்ரவரியில் பிறந்தார். இன்று அந்நகர் எஸ்தோனியாவின் டார்ட்டு. சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவர், 1820-ல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு முடியுமுன்பே பெரும் வாய்ப்பு ஒன்று வந்தது. ஓட்டோ வான் கோட்செபு தலைமையில் 1823-ல் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பலில், 19 வயதான லென்ஸ் இயற்பியலாளராக இடம்பெற்றார். மூன்றாண்டுகள் ஆழ்கடலின் வெப்பநிலையையும் கடல்நீரின் உவர்ப்பையும் அளந்தார். 1829-ல் காகசஸ் மலைத்தொடரின் எல்பரஸ் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆய்வுக் குழுவிலும் இருந்தார். உச்சியை அவரால் எட்ட இயலவில்லை.

1831-ல் மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். காந்தம் நகரும்போது சுருளில் மின்னோட்டம் பிறப்பது தெளிவாயிற்று. ஆனால், அதன் திசையை எல்லாச் சூழலிலும் உரைக்கும் ஒற்றை விதி அப்போது இல்லை. அந்தக் குறையை நீக்கும் ஆய்வை 1833-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதமியில் லென்ஸ் முன்வைத்தார். தூண்டு மின்னோட்டம், தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்பது அதன் சாரம்.

காந்தத்தின் வடமுனை சுருளை நெருங்கினால், சுருளின் அந்தப் பக்கமும் வடமுனையாகி அதை விலக்கும். காந்தம் விலகினால், அதே பக்கம் தென்முனையாகி ஈர்க்கும். இரு நிலைகளிலும் காந்தத்தை நகர்த்த உழைப்பு தேவை. அந்த உழைப்பே மின்னாற்றலாகிறது. திசை மாறாக இருந்திருந்தால், லேசாகத் தள்ளிய காந்தம் தானே வேகமெடுத்து, செலவின்றி ஆற்றல் பெருகியிருக்கும். இயற்கை அதை அனுமதிப்பதில்லை. ஆற்றல் அழிவின்மைக் கோட்பாடு முழுவடிவம் பெறுவதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்கு முன்பே லென்ஸ் இவ்விதியை வகுத்தது குறிப்பிடத்தக்கது.

மின்னோட்டம் கடத்தியில் உண்டாக்கும் வெப்பத்தையும் அவர் ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஜூல் 1841-ல் வெளியிட்ட முடிவை, 1842-ல் தனித்த சோதனைகளால் லென்ஸ் உறுதிசெய்தார். ரஷ்யாவில் அது இன்றும் ஜூல்-லென்ஸ் விதி எனப்படுகிறது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் இயற்பியல்-கணிதத் துறைத் தலைவராக விளங்கிய லென்ஸ், 1863-ல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1865 பிப்ரவரியில், 60-ம் வயதில் ரோம் நகரில் காலமானார்.

மின்பளு கூடும்போது ஜெனரேட்டரைச் சுழற்றுவது கடினமாவதும், சில ரயில்களின் காந்த பிரேக்குகள் உராய்வின்றி வேகத்தைக் குறைப்பதும் அவர் வகுத்த அந்த எதிர்ப்பின் விளைவுகளே.