சேர் ஹம்பிரி டேவி (1778 - 1829): கதோட்டுப் பாதுகாப்பைக் கண்டறிந்தவர்

ஐக்கிய அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வீட்டின் நிலக்கீழ் அறையில் ஆளுயரமான உருளை வடிவத் தாங்கி ஒன்று நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது வாயுவால் இயங்கும் நீர்ச்சூடாக்கி. அடியில் சுடரடுப்பு எரியும். மேலே உருக்குத் தாங்கியில் நீர் சூடாகும். இரும்பு, நீர், நீரிற் கரைந்த ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் என்ன நடக்கும் என்பது நீங்கள் படித்த விடயம்தான். நீர் சூடானதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் விரைவாக நடைபெறும். ஆனாலும் அத்தாங்கிகள் பத்து வருடம், அதற்கு மேலும் உழைக்கின்றன. காரணம், தாங்கியின் உள்ளே தொங்கவிடப்பட்டுள்ள ஒரு மகனீசியக் கோல். கோல் கரைகின்றது, தாங்கி தப்புகின்றது. இந்த முறையை 1824 இல் உலகுக்குச் சொன்னவர் ஹம்பிரி டேவி. அந்த மகனீசியத்தை முதன்முதலில் வேறாக்கியவரும் அவரே.

டேவி 1778 டிசம்பர் 17 ஆம் திகதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வால் பிரதேசத்தில், பென்சான்ஸ் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ரொபர்ட் மரச் செதுக்கு வேலை செய்பவர். ஐந்து பிள்ளைகளில் ஹம்பிரியே மூத்தவர். 1794 இல் தந்தை கடனை விட்டுவிட்டு இறந்தார். தாய் கிரேஸ் தொப்பி, உடை அலங்காரப் பொருட்கள் விற்கும் கடை வைத்துக் குடும்பத்தைப் பார்த்தார். மூத்த மகன் அடுத்த ஆண்டு உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் மருந்து கலக்கப் பழகுநராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் எதிலும் அவர் படிக்கவில்லை. இரசாயனத்தை லவோசியரின் நூலைப் படித்தும், கையில் அகப்பட்ட பாத்திரங்களை வைத்துப் பரிசோதனை செய்தும் தானாகவே கற்றுக்கொண்டார்.

1798 இல் பிரிஸ்டல் நகரில் தோமஸ் பெடோஸ் என்னும் வைத்தியர் நடத்திய நிறுவனத்தில் டேவிக்கு வேலை கிடைத்தது. வாயுக்களைச் சுவாசிக்கச் செய்து நோய் தீர்க்கலாமா என்று அங்கே ஆராய்ந்தார்கள். டேவி வாயுக்களைத் தன் மீதே சோதித்தார். இது எவ்வளவு ஆபத்தான வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஒருமுறை காபனோரொட்சைட்டு அடங்கிய வாயுக் கலவையைச் சுவாசித்து உயிர் போகும் நிலைக்கு வந்தார். 'சிரிப்பு வாயு' எனப்படும் நைதரசு ஒட்சைட்டு வலியைக் குறைப்பதைக் கண்டு, சத்திரசிகிச்சைக்கு அது உதவலாம் என 1800 இல் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

1801 இல் இலண்டனிலுள்ள ரோயல் இன்ஸ்டிரியூசனில் சேர்ந்தார். அவருடைய விரிவுரைகளைக் கேட்கச் செல்வந்தர்களும் பெண்களும் திரண்டு வந்தனர். புகழ் ஒருபுறம் இருக்க, டேவியின் உண்மையான வேலை வோல்ற்றாவின் மின்கல அடுக்கோடு தொடங்கியது. 1800 இல் வெளிவந்த அந்தக் கருவியைக் கொண்டு சேர்வைகளைப் பிரிக்கலாம் என்பதை அவர் விளங்கிக்கொண்டார். 1806 இல் ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரையில், மூலகங்களுக்கிடையிலான இரசாயனக் கவர்ச்சியும் மின்னும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற கருத்தை முன்வைத்தார். இக்கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் விடயத்துக்கு வரும்போது இதுதான் திரும்பி வரும்.

1807 ஒக்டோபரில், சற்று ஈரமான பொற்றாசினூடாக மின்னைச் செலுத்தினார். பொற்றாசு உருகி, கதோட்டில் வெள்ளி போன்ற சிறு குமிழ்கள் தோன்றின. சில தீப்பற்றி எரிந்தன. அது பொற்றாசியம். டேவி மகிழ்ச்சியில் அறை முழுவதும் துள்ளினார் என்று அவருடைய உறவினரான உதவியாளர் பின்னர் சொல்லியிருக்கிறார். சில நாட்களில் சோடியமும் கிடைத்தது. அடுத்த ஆண்டில் கல்சியம், பேரியம், ஸ்ரொன்சியம், மகனீசியம் என்பன. கடைசி நான்கும் எளிதில் வரவில்லை. இரசத்துடன் கலந்த இரசக்கலவையாக முதலில் பெற்று, பிறகு இரசத்தை ஆவியாக்க வேண்டியிருந்தது. இந்த உலோகங்கள் எல்லாம் தாக்கவீதத் தொடரின் மேற்பகுதியில் இருப்பவை என்பதைக் கவனியுங்கள். காபனுடன் சூடாக்கி எடுக்கும் பழைய முறைக்கு அவை அடங்கவில்லை, மின்பகுப்புக்கே அடங்கின.

1810 இல் குளோரீன் ஒரு மூலகம் என நிறுவினார். 1812 இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் வெடிக்கும் சேர்வையொன்று கண்ணிற் பட்டுக் காயப்பட்டார். மறு ஆண்டில் புத்தகம் கட்டும் தொழிலாளியான மைக்கல் பரடேயை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் குருவைவிடச் சீடரின் பெயர் பெரிதாயிற்று. 1812 இல் வட இங்கிலாந்தின் பெலிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மெதேன் வாயு வெடித்து 92 பேர் இறந்தனர். இதற்குப் பிறகு, 1815 இல், சுரங்கத் தொழிலாளருக்கான காப்பு விளக்கை டேவி உருவாக்கினார். சுடரைச் சுற்றியுள்ள கம்பிவலை வெப்பத்தைக் கடத்திப் பரப்பிவிடும். ஆகவே வெளியிலுள்ள வாயு தீப்பற்றும் வெப்பநிலையை அடையாது. இதற்கு அவர் ஆக்கவுரிமை எடுக்கவில்லை. 1820 இல் ரோயல் சொசைற்றியின் தலைவரானார். இதுவரை வெற்றிகள்தான்.

1823 இல் பிரித்தானியக் கடற்படை ரோயல் சொசைற்றியிடம் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தது. அக்காலக் கப்பல்கள் மரத்தால் ஆனவை. கப்பற்புழு மரத்தைத் துளைக்காமலும், பாசியும் சிப்பியும் ஒட்டாமலும் இருக்க, நீருக்கடியிலுள்ள பகுதிக்குச் செம்புத் தகடு அடிப்பார்கள். ஆனால் கடல்நீர் செம்பையும் விரைவில் அரித்தது. தகடு மாற்றுவது பெருஞ்செலவு. செம்பு தூய்மையற்றதாக இருப்பதே காரணம் என்று பலர் எண்ணினர். டேவி பரிசோதித்துப் பார்த்தார். தூய செம்பும் அரிக்கப்பட்டது. நீரிற் கரைந்த ஒட்சிசனே முக்கிய காரணி என்பதைக் கண்டார்.

இங்கேதான் 1806 ஆம் ஆண்டின் கருத்து உதவிற்று. செம்பு தாக்கத்தில் ஈடுபடுவது அதன் மின் நிலையைப் பொறுத்ததாயின், அந்த நிலையைச் சற்று மாற்றினால் தாக்கம் நின்றுவிட வேண்டுமே. மாற்றுவதற்கு மின்கல அடுக்கு ஒன்றைக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. செம்பைவிடத் தாக்குதிறன் கூடிய உலோகத் துண்டு ஒன்றைச் செம்போடு தொடுத்துவிட்டால் போதும். கடல்நீர் மின்பகுபொருளாகும், இரு உலோகங்களும் சேர்ந்து ஒரு கலம் ஆகும்.

உண்மையில் இதன் மறுபக்கத்தைக் கடற்படையினர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தனர். 1761 இல் 'அலாம்' என்னும் கப்பலுக்குப் பரீட்சார்த்தமாகச் செம்புத் தகடு அடித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. அவர்களுக்கு அது ஒரு தொல்லை. டேவியோ அதே தொல்லையை மருந்தாக்கினார். இரும்பு அழிகின்ற வேளையில் செம்பு காப்பாற்றப்படுகிறது என்பதே அவர் பார்த்த பார்வை. என்னைக் கேட்டால், அவருடைய கண்டுபிடிப்புகளுள் இதுவே மிக அழகானது.

நாகம், வார்ப்பிரும்பு ஆகியவற்றைக் கொண்டு முதலில் ஆய்வுகூடத்திலும், பின்னர் சதம், போட்ஸ்மத் கப்பற்றுறைகளிலும் சோதித்தார். பரடேயும் உதவினார். செம்பின் பரப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு காப்பு உலோகமே செம்பு முழுவதையும் காத்தது. 1824 சனவரியில் முதற் கட்டுரை வாசிக்கப்பட்டது. கதோட்டுப் பாதுகாப்பு என்று நாம் இன்று கூறுவது இதனையே. கடற்படை வேகமாக முடிவெடுத்தது. 'சமராங்' முதலிய கப்பல்களுக்கு வார்ப்பிரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டன. துண்டுகள் கரைந்தன, செம்பு அப்படியே இருந்தது.

ஆனால் கடலுக்குச் சென்று திரும்பிய கப்பல்களின் அடியில் பாசியும் சிப்பியும் அடர்ந்து வளர்ந்திருந்தன. கப்பல்கள் வேகம் குறைந்து ஊர்ந்தன. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து செம்பு அயன்களை விடுவதாலேயே உயிரினங்கள் அதில் ஒட்டாமல் இருந்தன. அந்த அயன்கள் அவற்றுக்கு நஞ்சு. செம்பு கரைவதை டேவி நிறுத்தினார், நஞ்சும் நின்றுபோயிற்று. மேலும், கதோட்டில் ஒட்சிசனும் நீரும் இலத்திரன்களைப் பெற்று ஐதரொட்சைட்டு அயன்களாகும். அதனால் கடல்நீரிலுள்ள கல்சியம், மகனீசியம் சேர்வைகள் செம்பின் மேல் வெள்ளைப் படையாகப் படிந்தன. அந்தப் படை சிப்பிகளுக்கு நல்ல இருக்கையாகவும் அமைந்தது.

1825 இல் கடலோடும் கப்பல்களிலிருந்து காப்புத் துண்டுகளை அகற்றும்படி கட்டளை வந்தது. 1828 அளவில் திட்டம் முற்றாகக் கைவிடப்பட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. அரிப்பைப் பற்றி டேவி சொன்ன ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடை கொடுத்தார். கேட்கப்படாத ஒன்றே அவரை வீழ்த்தியது. ஏற்கெனவே பலரோடு மனத்தாங்கல் கொண்டிருந்த மனிதர், இதனால் மிகவும் நொந்துபோனார். பரடேயை ரோயல் சொசைற்றி அங்கத்தவராக்குவதை 1824 இல் அவர் எதிர்த்ததும் அவருடைய பெயருக்கு அழகு சேர்க்கவில்லை. 1826 இறுதியில் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டில் தலைமைப் பதவியைத் துறந்தார். ஐரோப்பாவில் அலைந்து திரிந்து, 1829 மே 29 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வயது 50.

முறை மட்டும் சாகவில்லை. கப்பல்கள் இரும்பாலும் உருக்காலும் ஆனபோது பாசி பிடிப்பது வேறு பிரச்சினையாகப் பிரிந்தது. அதற்கு நச்சுப் பூச்சு, அரிப்புக்கு நாகத் துண்டு என்று இரண்டையும் தனித்தனியே கையாண்டனர். 1928 இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியில் நிலத்தடி வாயுக் குழாய்களுக்குக் கதோட்டுப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அதன் பின்னர் அது வீட்டுத் தாங்கிக்குள்ளும் நுழைந்தது.

நீர்ச்சூடாக்கியின் உருக்குத் தாங்கிக்கு உட்புறமாகக் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு உண்டு. பூச்சு முழுமையாக இருந்தால் கோல் தேவைப்படாது. ஆனால் ஒட்டு வைத்த இடங்களிலும் மூலைகளிலும் ஊசித்துளை அளவு இடைவெளிகள் இருக்கவே செய்யும். அங்கே உருக்கு நீரைத் தொடும். மகனீசியக் கோல் தாங்கியின் மேற்புறத்தில் திருகி மாட்டப்படுவதால் உருக்கோடு மின்தொடர்பு கொண்டுள்ளது. மகனீசியம் அனோட்டாகி, ஒவ்வொரு அணுவும் இரண்டு இலத்திரன்களை இழந்து அயனாகக் கரையும். உருக்கு கதோட்டாகி அரிப்பிலிருந்து தப்பும். பூச்சு பெரும்பகுதியை மூடியிருப்பதால் ஒரு கோலே பல வருடங்களுக்குப் போதுமாகிறது.

மாணவர்கள் பலர் இங்கே தவறு விடுகிறார்கள். மகனீசியம் உருக்கைப் பூச்சு போல மூடிக் காக்கிறது என்று எழுதுவது பிழை. கோல் ஓரிடத்தில் தொங்குகிறது, காக்கப்படுவதோ முழுத் தாங்கி. இலத்திரன்கள் உலோகத்தினூடாகவும் அயன்கள் நீரினூடாகவும் செல்ல முடிவதே காரணம். நீர் தொடாத இடத்தை அது காக்காது. தாங்கியின் வெளிப்புறமும், நடுவே செல்லும் புகைக்குழாயின் உட்புறமும் இப்படிப்பட்டவை. வாயு எரியும்போது நீராவியும் காபனீரொட்சைட்டும் உண்டாகும். தாங்கி குளிர்ந்திருக்கும் வேளையில் அந்த நீராவி ஒடுங்கி, மென்னமிலத் தன்மையுள்ள துளிகளாகிச் சுடரடுப்பின் பக்கத்தை அரிக்கும். அதற்குக் கோலால் பயனில்லை. அதுபோலச் செம்புக் குழாயை உருக்குத் தாங்கியோடு நேரே பொருத்தினால், அங்கே உருக்கே அனோட்டாகிவிடும். இதைத் தவிர்க்க இடையே மின் கடத்தாத இணைப்பு இடுவார்கள்.

டேவிக்கு நேர்ந்தது போன்ற பக்கவிளைவு இங்கும் உண்டு. சில கிணற்று நீரில் சல்பேற்று அயன்களும், அவற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும் பற்றீரியாக்களும் இருக்கும். மகனீசியக் கோல் உள்ள தாங்கியில் இத்தாக்கம் கூடி, சுடுநீர் கூழ்முட்டை போல நாறும். கோலைக் கழற்றி எறிந்தால் நாற்றம் போகும், சில வருடங்களில் தாங்கியும் போகும். அலுமினியமும் நாகமும் கலந்த கோலை மாட்டுவதே வழி.

வன்னீரை மென்னீராக்கும் கருவி பூட்டிய வீடுகளில் கோல் விரைவாகத் தேயும். ஆகவே சில வருடங்களுக்கு ஒருமுறை வாயுவையும் குளிர்நீர்க் குழாயையும் மூடி, சிறிது நீரை வெளியேற்றி, கோலைத் திருகி எடுத்துப் பார்ப்பார்கள். கோலின் நடுவே ஓர் உருக்குக் கம்பி ஓடும். அது வெளியே தெரியத் தொடங்கியிருந்தால் புதிய கோல் மாட்டவேண்டிய நேரம். அடியில் சேர்ந்த கல்சியம் காபனேற்றுப் படிவையும் அதே வேளையில் கழுவி வெளியேற்றிவிடுவார்கள்.