கார்களுக்கு உருவம் தந்த மிக்கெலோட்டி

குழந்தைகளே, நீங்கள் ஆசையாக ஒரு படம் வரைகிறீர்கள். அண்ணன் வந்து, ஜன்னலை அழித்துவிட்டு அங்கே ஒரு கதவு வரைந்துவிட்டுப் போகிறான். உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? வாழ்நாள் முழுவதும் இப்படி அடுத்தவர்கள் திருத்தும் படங்களையே வரைந்த ஒருவரைப் பற்றித்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் ஜோவான்னி மிக்கெலோட்டி. அவர் வரைந்தவை பெரும்பாலும் கார்கள்.

1921 அக்டோபர் 6-ஆம் தேதி இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். நம் ஓசூர் போல டூரினும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். ஃபியட் கார் பிறந்த ஊர். பள்ளி வயது முடியும் முன்பே, கார்களுக்கு உடல் கட்டித் தரும் ஃபரீனா என்ற பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். 1949-இல் சொந்தமாக ஓர் அலுவலகம் தொடங்கினார்.

அவர் கை வேகமான கை. ஃபெராரி, மாசெராட்டி போன்ற பந்தயக் கார்களுக்கு வரைந்தார். மூடிவிடும் நிலையில் தத்தளித்த பி.எம்.டபிள்யூ நிறுவனத்துக்கு '700' என்ற சிறிய காரை வரைந்தார். அது நன்றாக விற்று நிறுவனத்தை நிமிர்த்தியது. ஜப்பானின் ஹினோ கம்பெனிக்கும் வரைந்தார். ஆனால் காரின் மேல் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். வரைந்தவர் பெயரை யார் கேட்கிறார்கள்?

1957-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனம் ஒரு சிறிய காருக்கு நல்ல உருவம் கிடைக்காமல் தவித்தது. தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் டூரினுக்கே போய் மிக்கெலோட்டியைப் பார்த்தார். சில நிமிடங்களிலேயே அவர் படம் போட்டுக் காட்டிவிட்டார் என்று சொல்வார்கள். அதுதான் ஹெரால்டு கார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தக் காலத்தில் புதிய கார்களின் உடலை ஒரே கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கார் உடல் செய்து தந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக் கூடும் செய்து தர ஆள் இல்லை. ஆகவே நிர்வாகம் பழைய முறைக்கே போனது. அடியில் இரும்புச் சட்டம், அதன் மேல் துண்டு துண்டாக உடல். துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். அதனால் சில கார்களில் மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஒழுகியது. ஆனால் ஒரு நன்மையும் உண்டு. முன்பக்கம் முழுவதையும் ஒரு முதலை வாய் போலத் திறந்து இன்ஜினைப் பழுது பார்க்கலாம்! சுமார் 25 அடி அகலம் இருந்தால் போதும், கார் அப்படியே திரும்பிவிடும். 1959-இல் விற்பனைக்கு வந்தது.

துண்டுகளாகச் செய்த காரைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவதும் எளிது. அப்படித்தான் அது நம் சென்னைக்கு வந்தது. வண்டலூர் அருகே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அதைத் தயாரித்தது. உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். பின்னால் ஏற வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய பாட்டியை அப்படி ஏற்றிப் பாருங்கள்! போட்டிக்கு நின்ற அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு கதவுகள். ஆகவே 1960-களின் பிற்பகுதியில் சென்னை நிர்வாகம் ஹெரால்டுக்கும் நான்கு கதவுகள் வைத்தது. கார் பிறந்த இங்கிலாந்தில் இப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லை. அதையே இன்னும் மாற்றி 1972-இல் 'கெசல்' என்று வெளியிட்டார்கள். அழகு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் இந்த மாற்றத்தை நான் குறை சொல்லமாட்டேன்; ஏறி இறங்குபவரை நினைத்துச் செய்தது அல்லவா?

மிக்கெலோட்டி ஒரு சிறிய பந்தயக் காரும் வரைந்து, மாதிரியும் செய்திருந்தார். பணமில்லை என்று ஸ்டாண்டர்டு நிர்வாகம் அதைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டது. 1961-இல் லாரி செய்யும் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்டை வாங்கியது. ஆமாம், அதே லேலண்ட்தான்! நாகரசம்பட்டிப் பிள்ளைகள் கிருஷ்ணகிரிக்குப் போனால் நெடுஞ்சாலையில் வரிசையாகப் பார்க்கும் அசோக் லேலண்ட் லாரிகளின் பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். லேலண்டிலிருந்து வந்த ஸ்டான்லி மார்க்லண்ட் என்ற அதிகாரி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது அந்தத் துணியை விலக்கினார். உடனே தயாரிக்கச் சொன்னார். 1962-இல் வெளிவந்த அந்த 'ஸ்பிட்ஃபயர்' 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாக விற்றது.

'ஸ்டாக்' காருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் அதைத் திறந்த காராக வரைந்தார். உடல் வளையாமல் இருக்க, தலைக்கு மேல் 'டி' எழுத்து வடிவில் கம்பி வைத்தார்கள். அது போகட்டும். ரோவர் கம்பெனியும் லேலண்டோடு சேர்ந்துவிட, அவர்களிடம் நல்ல எட்டு சிலிண்டர் இன்ஜின் தயாராக இருந்தது. ட்ரையம்ப்காரர்களோ தாங்கள் தொடங்கிய புது இன்ஜினைத்தான் வைப்போம் என்றார்கள். 1970-இல் கார் வந்தது. இன்ஜின் சூடேறிச் சூடேறி நின்றது. சாலையோரம் நின்ற காரைப் பார்த்தவர்கள் மொத்தக் காரையும்தான் திட்டினார்கள். இதைப் பிடிவாதம் என்றுதான் சொல்வேன். 1977-இல் நிறுத்தும்வரை 26 ஆயிரம் கார்கள்கூடச் செய்யவில்லை.

மிக்கெலோட்டி இதற்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அதே லேலண்டுக்காகப் பேருந்துக்கு உருவம் தந்தார். லாரிக்கு டிரைவர் அறையும் வரைந்தார்.

1980 ஜனவரி 23-ஆம் தேதி டூரினிலேயே காலமானார். அப்போது அவருக்கு 58 வயது. அவர் கடைசியாக வரைந்தவற்றில் ஒன்று, ரிலையன்ட் என்ற சிறிய ஆங்கிலக் கம்பெனிக்கான கார். 1984-இல் அது வெளிவந்தபோது உடலைப் பல துண்டுகளாகப் பொருத்தியிருந்தார்கள். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. வரைந்தவர் அதைப் பார்க்க இல்லை.