தோட்டாவைவிட அழுக்கு அதிகம் கொன்ற போர்: நைட்டிங்கேல் போட்ட கணக்கு

கீழப்பாவூர்காரர்களுக்குக் குளியல் ஒரு பிரச்சினையே இல்லை. சீசன் வந்துட்டா பைக்கை எடுத்தால் போதும், முக்கால் மணி நேரத்தில் குற்றாலம். அப்படி அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற நமக்கு, கடுங்குளிரில் வாரக்கணக்காக ஒரே சட்டையோடு பதுங்குகுழியில் கிடந்த ஒரு படையின் கதை நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

1854-55 குளிர்காலம். கிரீமியாவில் ரஷ்யாவை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படை அது. குளிருக்கான உடைகளைக் கொண்டுவந்த கப்பல் நவம்பர் புயலில் மூழ்கிவிட்டது. சிப்பாய்களிடம் மாற்று உடை இல்லை, உடம்பு முழுக்கப் பேன். (டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது பேன்தான் என்று கண்டுபிடித்ததே 1909-ல்!) காயம் பட்டவர்களையும் காய்ச்சலில் விழுந்தவர்களையும் கப்பலில் ஏற்றி, கருங்கடலுக்கு அந்தப் பக்கம் இஸ்தான்புல் அருகே இருந்த ஸ்கூட்டரி ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

1854 நவம்பரில் 38 பெண்களோடு அங்கே போய் இறங்கினார் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். வயது 34. வசதியான குடும்பத்துப் பெண், வீட்டில் சண்டை போட்டுத்தான் நர்ஸ் வேலைக்கு வந்தவர். அங்கே பார்த்தால் சோப்பு இல்லை, துண்டு இல்லை, முகம் கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லை. துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்கள். துவைத்து வந்த சட்டையிலும் பேன் ஊர்ந்ததால், சிப்பாய்கள் தங்கள் சட்டையைத் துவைக்கக் கொடுக்கவே மறுத்தார்கள். நைட்டிங்கேல் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார், கொதிகலன் வைத்தார், சிப்பாய்களின் மனைவிமாரைக் கூலிக்கு அமர்த்தித் துணியை வெந்நீரில் போடவைத்தார். தரை தேய்க்க பிரஷ் வாங்கினார். 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்று நாம் பள்ளியில் படித்தோமே, அந்த விளக்கைவிட இந்தக் கொதிகலன்தான் முக்கியம் என்பேன்.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. 1855 பிப்ரவரியில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்து தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மருத்துவமனைக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை! சாக்கடையைக் கழுவி, காற்றோட்டத்துக்கு வழி செய்ததும், ஜூனில் இறப்பு 100-க்கு 2 பேர் அளவுக்குக் குறைந்தது.

நைட்டிங்கேல் இதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சாப்பாடும் பொருட்களும் வராததுதான் காரணம் என்று நம்பினார். ஊர் திரும்பிய பிறகு, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உண்மை உறைத்தது. தான் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவமனையே பலரைக் கொன்றிருக்கிறது. நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒரு கணக்கு கைக்கு வந்தால் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் மறைக்கவில்லை. போர்க்களத்தில் செத்தவர்களைப் போல பல மடங்கு சிப்பாய்கள் நோயில் செத்ததை 1858-ல் வண்ண வரைபடமாகவே போட்டுக் காட்டினார். தடுக்கக்கூடிய நோய்க்கு நீல நிறம். பார்த்த உடனே புரியும், படத்தில் பெரும்பகுதி நீலம்தான்.

அடுத்து அவர் பார்வை திரும்பியது நம்ம பக்கம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் போர் இல்லாமலேயே. 1859-ல் அமைந்த அரச ஆணையத்துக்காக, ஒவ்வொரு ராணுவ முகாமுக்கும் கேள்விப் பட்டியல் போனது. குடிநீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? குளிக்க இடம் உண்டா? (அந்தக் காலத்தில் நம்ம பாளையங்கோட்டையும் ராணுவம் தங்கிய ஊர்தான்.) வந்த பதில்களைப் படித்து அவருக்கு எரிச்சல். தண்ணீர் நல்லதா என்பதை மோந்து பார்த்தும் ருசி பார்த்தும் முடிவு செய்திருந்தார்கள். சாராயம் கிடைக்கிற சுலபத்தில் குளிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதும் அவருடைய குற்றச்சாட்டு.

1863-ல் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்தாண்டில் அந்த 69 என்பது 18 ஆனது.

முகாமை மட்டும் கழுவினால் போதாது, பக்கத்து ஊரும் சுத்தமாக இருக்கணும் என்பது அவருக்குப் பிறகுதான் பிடிபட்டது. அதனால் சிப்பாயை விட்டு கிராமத்துக்கு வந்தார். சென்னை மாகாணத்தை 1876-78 பஞ்சம் உலுக்கியபோது, கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனோடு சேர்ந்து பாசனத்துக்காக எழுதினார், வாதாடினார். இதில் பெரும்பகுதியை லண்டன் வீட்டில் நோயாளியாகப் படுத்தபடியே செய்தார். கிரீமியாவில் வந்த காய்ச்சல் அவரைக் கடைசிவரை முழுசாக விடவில்லை. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

1910 ஆகஸ்ட் 13-ல் 90 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாம் என்று வந்த யோசனையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. கிராமத்துத் தேவாலயம் ஒன்றில் இருக்கும் கல்லறையில் அவர் முழுப் பெயர்கூடக் கிடையாது, இரண்டு முதலெழுத்தும் பிறப்பு, இறப்பு விவரமும்தான்.